நான்காம் ஆண்டுக்கு வாத்தியார் யார்? புதுச்சேரியின் புதிய டிகிரியும் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ கனவும்

புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக வடக்கே கிளம்பினால், கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்கிவிடும். முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். அவற்றைத் தாண்டி பிள்ளைச்சாவடிக்குள் நுழைந்தால் மறுபடியும் புதுச்சேரி. அடுத்து காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம், அதன்பின் திரும்பவும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன இந்தத் துண்டுதுண்டான எல்லையைத் தாண்டும்போது பெட்ரோல் விலையும் மதுபான விலையும் மாறும் என்பது ஊரறிந்த விஷயம்.

2023-24 கல்வியாண்டிலிருந்து இன்னொன்றும் மாறியிருக்கிறது. பட்டப்படிப்பின் நீளம்.

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தால் மூன்று வருஷத்தில் டிகிரி. அதே பி.ஏ. வரலாறு, பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரியில் என்றால் தேசிய கல்விக் கொள்கை 2020-ன்படி நான்கு வருஷம். மூன்றோடு நிறுத்திக்கொண்டு சாதாரண டிகிரியோடு வெளியேறலாம், அல்லது நான்காவது வருஷமும் இருந்து ‘ஹானர்ஸ்’ வாங்கலாம். 2023-24-ல் சேர்ந்த முதல் பேட்ச்சுக்கு 2026-27 தான் நான்காம் ஆண்டு.

இருப்பதா, கிளம்புவதா? மாணவர்கள் முன்னால் இருக்கும் கேள்வி இதுதான். ஆனால் இதற்குப் பதில், மாணவரின் விருப்பத்தைவிட அவருடைய டிபார்ட்மென்ட்டில் எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. அது ஏன் என்று புரிய, இந்த நான்கு வருஷப் படிப்பு எதை மாதிரியாகக் கொண்டது என்று முதலில் பார்க்க வேண்டும்.

லிபரல் ஆர்ட்ஸ் என்றால் ஓவியமா, அரசியலா?

ரெண்டும் இல்லை. ‘ஆர்ட்ஸ்’ என்றதும் படம் வரைவது என்றும், ‘லிபரல்’ என்றதும் ஒரு அரசியல் நிலைப்பாடு என்றும் நினைப்பவர்கள் நிறையப் பேர். தமிழில் ‘தாராளக் கலைகள்’ என்று மொழிபெயர்த்து வைத்ததும் குழப்பத்தைக் கூட்டியதுதான் மிச்சம். லத்தீன் மூலத்தில் அதன் பொருள், சுதந்திர மனிதன் ஒருவன் கற்க வேண்டியவை என்பதுதான். இடைக்கால ஐரோப்பாவில் அது ஏழு பாடங்கள்: இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, கணிதம், வடிவியல், இசை, வானியல். கவனியுங்கள், இன்று நாம் ‘சயின்ஸ் குரூப்’ என்று பிரிப்பதும் ‘ஆர்ட்ஸ் குரூப்’ என்று பிரிப்பதும் இதில் ஒன்றாகவே இருக்கின்றன.

நம் ஊரில் ‘ஆயகலைகள் அறுபத்துநான்கு’ என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதே எண்ணம்தான். தேசிய கல்விக் கொள்கை ஆவணமே பாணபட்டரின் காதம்பரியில் வரும் 64 கலைகளைச் சுட்டிக்காட்டி, இது நமக்குப் புதிதல்ல என்று வாதிடுகிறது.

இன்றைய அர்த்தத்தில் லிபரல் ஆர்ட்ஸ் என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் வளர்ந்த ஒரு முறை. 17 வயதில் ஒரே பாடத்தைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. முதலில் பலதையும் படித்துவிட்டு, பிறகு ஒன்றை ‘மேஜர்’ என்றும் இன்னொன்றை ‘மைனர்’ என்றும் தேர்ந்தெடுக்கலாம். இயற்பியல் மேஜரோடு இசை மைனர் எடுக்கலாம். சிறிய வகுப்பு, நிறைய எழுத்து வேலை, நீங்கள் எழுதியதை வரிவரியாகப் படித்துத் திருத்தித் தரும் ஆசிரியர். இதில் கடைசியாகச் சொன்னதுதான் செலவு பிடிப்பது. பாடப்பட்டியலை யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம், உட்கார்ந்து திருத்தும் ஆளைக் காப்பியடிக்க முடியாது.

தமிழர்களுக்கு இந்த அனுபவம் உண்டு, அதுவும் ரொம்பப் பழையது. 1823-ல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கினார்கள். தமிழ் இலக்கணம், ஆங்கிலம், கணிதம், வானியல், தத்துவம் எல்லாம் ஒரே மாணவருக்குக் கற்பிக்கப்பட்டன. 1855-ல் அதை மூடிவிட்டார்கள். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக அறியப்படும் சி.வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை இருவருமே அங்கே படித்தவர்கள். பின்னாளில் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்த தாமோதரம்பிள்ளைதான் 1887-ல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தவர். சட்டம் ஒரு பக்கம், ஏட்டுச்சுவடி இன்னொரு பக்கம். இப்போதைய மொழியில் சொன்னால் மேஜர் ஒன்று, மைனர் ஒன்று.

புதுச்சேரியிலும் சின்ன அளவில் ஒரு மாதிரி உண்டு. 1826-லிருந்து இயங்கும் பிரெஞ்சு லிசே பள்ளியில், பிரான்ஸின் பாடத்திட்டப்படி கடைசி வகுப்பில் கணிதம் எடுத்த பிள்ளையும் தத்துவம் படித்தாக வேண்டும், தேர்வும் எழுத வேண்டும். நம் பிளஸ் டூவில் பயாலஜி எடுத்த பிள்ளைக்கு வரலாறு பத்தாம் வகுப்போடு முடிந்துபோகும்.

காலாப்பட்டு கேம்பஸில் என்ன இருக்கிறது?

பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான மத்தியப் பல்கலைக்கழகம். யூனியன் பிரதேசத்தின் பெயர் 2006-ல் புதுச்சேரி என்று மாறியபின்னும் பல்கலைக்கழகத்தின் பெயரில் பாண்டிச்சேரி அப்படியே இருக்கிறது. இலச்சினையில் இருக்கும் வாசகமும் பிரெஞ்சில்தான், ‘ஒளியை நோக்கி’ என்று பொருள். புதுச்சேரி மட்டுமல்ல, அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு வரை அதன் எல்லை நீள்கிறது.

‘லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகம்’ என்று அது தன்னை அழைத்துக்கொள்வதில்லை. ஆனால் அதற்கு வேண்டிய சரக்கு அங்கே இருக்கிறது. சுப்பிரமணிய பாரதி பெயரில் தமிழ்ப் புலம், ராமானுஜன் பெயரில் கணிதப் புலம், தத்துவம், மானுடவியல், பிரெஞ்சு, நாடகக் கலை, தெற்காசிய ஆய்வுகள், பசுமை ஆற்றல் தொழில்நுட்பம் எல்லாமே ஒரே வளாகத்தில். நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளை பெயர். நாட்குறிப்பு எழுதிய அதே துபாஷிதான்.

மாணவர்கள் வேறு துறையில் போய் ஒரு பேப்பர் எடுத்துப் படிக்கும் பழக்கமும் காலாப்பட்டில் நேற்று வந்ததல்ல. மற்ற பல பல்கலைக்கழகங்கள் யோசிப்பதற்கு முன்பே, முதுகலையில் விருப்பப் பாட கிரெடிட் முறை அங்கே வந்துவிட்டது. ‘ஹார்ட் கோர்’, ‘சாஃப்ட் கோர்’ என்றுதான் கேம்பஸில் சொல்வார்கள். கட்டாயப் பாடம் முதல் வகை, நீங்களே தேர்ந்தெடுப்பது இரண்டாவது. சமூகவியல் மாணவர் ஊடகத்துறை வகுப்பில் போய் உட்காரலாம்.

கேம்பஸில் இது ஓரளவு நடக்கும், காரணம் துறைகள் அருகருகே இருக்கின்றன, பிஎச்.டி. முடித்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இதே திட்டம் இளங்கலை மாணவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் இணைப்புக் கல்லூரிகளுக்குப் போகும்போதுதான் கதை மாறுகிறது. லாஸ்பேட்டை தாகூர் கல்லூரி, பாரதிதாசன் மகளிர் கல்லூரி, கதிர்காமம் இந்திரா காந்தி கல்லூரி போன்றவை அப்படிப்பட்டவை.

160 கிரெடிட்: ஒரு மாணவியின் கணக்கு

லாஸ்பேட்டையில் பி.ஏ. வரலாறு சேரும் ஒரு மாணவியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, மூன்று வருஷ டிகிரிக்கு அவர் குறைந்தது 120 கிரெடிட் சேர்க்க வேண்டும். அதில் 60 மேஜரான வரலாற்றில். 24 மைனரில், பொருளியல் என்று வைத்துக்கொள்வோம். 9 கிரெடிட் ‘பல்துறைப் பாடம்’, அதாவது மூன்று பேப்பர். பிளஸ் டூவில் படித்ததையே இதில் திரும்ப எடுக்கக் கூடாது என்பது விதி. ஆக நம் மாணவி புள்ளியியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ எடுக்கலாம். மீதம் மொழி, திறன் மேம்பாடு, விழுமியக் கல்வி, கோடை இன்டர்ன்ஷிப்.

நான்காம் ஆண்டும் இருந்தால் மொத்தம் 160. மேஜர் 80 ஆகும், மைனர் 32 ஆகும். அதோடு 12 கிரெடிட்டுக்கு ஒரு ஆய்வேடு. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்களுக்குத்தான் இந்த ஆய்வு வாய்ப்பு, அவர்கள் பட்டத்தில் ‘ஹானர்ஸ் வித் ரிசர்ச்’ என்று இருக்கும். மற்றவர்கள் ஆய்வேட்டுக்குப் பதிலாகக் கூடுதல் பேப்பர் படித்து வெறும் ‘ஹானர்ஸ்’ வாங்கலாம்.

பேப்பரில் பார்த்தால் அழகான திட்டம். கொஞ்சம் கூட்டிக்கழித்துப் பாருங்கள். நான்காம் ஆண்டில் மேஜருக்கு மட்டும் 20 கிரெடிட் கூடுகிறது, செமஸ்டருக்கு 10. மைனருக்கு செமஸ்டருக்கு 4. ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பு. ஆக ஒரு துறைக்கு வாரம் 14 மணி நேர வகுப்பு புதிதாக வந்து சேர்கிறது. யுஜிசி விதிப்படி உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாகப் பாடம் எடுக்க வேண்டும். அதாவது ஆய்வேட்டை விட்டுவிட்டால்கூட, ஒவ்வொரு துறைக்கும் ஏறக்குறைய ஒரு முழு ஆசிரியர் கூடுதலாக வேண்டும். ஆய்வேடுகளுக்கு கைடாக இருக்கும் நேரம் இதற்கு மேல்.

தமிழ்நாட்டு ‘அல்லைடு’ என்ன பாவம் செய்தது?

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் படித்த எல்லோருக்கும் பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீ மெயின் பாடமும் அல்லைடும் ஞாபகம் இருக்கும். இயற்பியல் மாணவருக்குக் கணிதம் அல்லைடு. பார்ட் ஃபோரில் வேறு துறைப் பாடம் ஒன்று, சுற்றுச்சூழல் கல்வி. பார்ட் ஃபைவில் என்.எஸ்.எஸ். அகலமாகப் படிக்க வைக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது, யாரும் அதை லிபரல் ஆர்ட்ஸ் என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான். குறை என்னவென்றால், தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவரிடம் இல்லை. அல்லைடு எது என்பதை டிபார்ட்மென்ட் முடிவு செய்யும், பிள்ளைகள் அதைப் பாஸ் மார்க்குக்குப் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

இன்னொரு வித்தியாசம் மொழியில். தமிழ்நாட்டில் பி.ஏ., பி.எஸ்சி.க்குப் பொதுவாக நான்கு செமஸ்டர் தமிழ், நான்கு செமஸ்டர் ஆங்கிலம். யுஜிசி கட்டமைப்பில் எல்லா மொழிகளுக்கும் சேர்த்து மொழித்திறனுக்கு ஒதுக்கியிருப்பது 8 கிரெடிட். தமிழ் எவ்வளவு, ஆங்கிலம் எவ்வளவு என்று இந்த எட்டுக்குள்தான் பங்கு போட வேண்டும். மொழிப்பாட நேரம் குறைந்தால் மொழி ஆசிரியர் பணியிடமும் காலப்போக்கில் குறையும் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேரளத்தில் 2024-ல் நான்காண்டுப் படிப்பு வந்தபோது மொழி ஆசிரியர்கள் கவலைப்பட்டது இதற்காகத்தான். பலதும் படிக்க வைக்கும் திட்டம் ஒன்றில் முதலில் சுருங்குவது தாய்மொழி வகுப்பு என்பது விசித்திரம்தான்.

இரண்டு பேர் வேண்டும்

எல்லாவற்றையும்விட முக்கியமான வரி, யுஜிசி கட்டமைப்பில் கொஞ்சம் உள்ளே ஒளிந்திருக்கிறது. ‘ஹானர்ஸ் வித் ரிசர்ச்’ நடத்தும் துறையில், பிஎச்.டி. கைடாக அங்கீகாரம் பெற்ற நிரந்தர ஆசிரியர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். நூலகம், ஆய்விதழ்கள், ஆய்வகம் எல்லாமும் வேண்டும்.

இரண்டே பேர்தானே என்று தோன்றலாம். ஆனால் ‘நிரந்தர’ என்ற சொல்லில்தான் சிக்கல். நாடு முழுக்கவே உயர்கல்வி ஓடுவது கெஸ்ட் லெக்சரர்கள் தோளில். மத்தியப் பல்கலைக்கழகங்களிலேயே அனுமதிக்கப்பட்ட சுமார் 19,000 ஆசிரியர் பணியிடங்களில் 6,000-க்கும் மேல் காலி என்று 2022-ல் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு சொன்னது. மத்திய அரசின் பணத்தில் நடக்கும் இடங்களிலேயே இதுதான் நிலைமை.

நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அதே வேலை செய்யும் கெஸ்ட் ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 என்று யுஜிசி 2019-ல் நிர்ணயித்தது. அது நடைமுறைக்கு வருவது மாநிலத்தின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 20,000 ஆக இருந்தது, பிறகு 25,000 ஆக உயர்ந்தது. வருஷத்துக்கு 11 மாதம்தான் சம்பளம். நெட் பாஸ் பண்ணி, பிஎச்.டி. முடித்து, முப்பதுகளின் நடுவில் இருப்பவர்கள் இவர்கள்.

கெஸ்ட் ஆசிரியர் திறமையில் குறைந்தவர் என்று இதற்கு அர்த்தமில்லை. பல துறைகளில் நன்றாகப் பாடம் எடுப்பவர்களே அவர்கள்தான். ஆனால் அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்று தெரியாதவர், ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்கு ஒரு வருஷம் பொறுப்பேற்க முடியாது. விதியும் அனுமதிக்காது.

நிரப்பினால் போச்சு, அதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். தமிழ்நாட்டுக்காவது ஆசிரியர் தேர்வு வாரியம் இருக்கிறது. அங்கேயே 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்து, தேர்வு தள்ளிப்போனது. புதுச்சேரிக்கு இப்படி ஒரு வாரியமோ தனித் தேர்வாணையமோ கிடையாது. யூனியன் பிரதேசம் என்பதால் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் டெல்லியில் இருக்கும் யுபிஎஸ்சி வழியாக நிரப்பப்படுகின்றன. லாஸ்பேட்டையில் ஒரு வரலாற்று ஆசிரியர் ஓய்வுபெற்றால், அந்த நாற்காலிக்கு ஆள் வரும் பாதை ரொம்ப நீளம்.

2025 ஜனவரியில் யுஜிசி வெளியிட்ட வரைவு விதிகள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டியவை. முதுகலை ஒரு பாடத்தில் இருந்தாலும், நெட் அல்லது பிஎச்.டி. எந்தப் பாடத்தில் இருக்கிறதோ அதில் ஆசிரியராகலாம் என்று அந்த வரைவு சொன்னது. பல்துறைக் கல்விக்கு இது பொருத்தமானதுதான். ஆனால் ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தப் பணியிடத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 விதியில் இருந்த உச்சவரம்பும் அதே வரைவில் காணாமல் போனது. துணைவேந்தர் நியமனம் பற்றித்தான் அப்போது எல்லோரும் சண்டை போட்டார்கள், தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானமே போட்டது. இந்த 10 சதவீத விஷயம் அந்தச் சத்தத்தில் பெரிதாக அடிபடவில்லை. மாணவர்களின் அன்றாடத்தைத் தொடுவது அதுதான்.

பணம் இருந்தால் சரியாகிவிடுமா?

தனியார் பக்கம் போனால் ஆசிரியர் எண்ணிக்கைப் பிரச்சினை பெரும்பாலும் இருக்காது. ஹரியானா சோனிபட்டில் 2014-ல் தொடங்கிய அசோகா பல்கலைக்கழகம் இந்தியாவில் லிபரல் ஆர்ட்ஸுக்கு முகவரி மாதிரி ஆகிவிட்டது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் ஸ்ரீ சிட்டியில் 2018-ல் உருவான க்ரியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் முதல் வருஷம் பொதுவான பாடங்களைப் படித்துவிட்டுத்தான் மேஜரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அசோகாவில் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 10 லட்சத்துக்கும் மேல். உதவித்தொகை உண்டு என்றாலும், கல்விக் கட்டணம் ஆயிரங்களில் அடங்கிவிடும் அரசுக் கல்லூரியோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம்.

ஆனால் அந்த உலகத்திலும் கதை ஆசிரியரிடம்தான் வந்து நிற்கிறது. 2021 மார்ச்சில் அரசியல் அறிஞர் பிரதாப் பானு மேத்தா அசோகாவிலிருந்து விலகினார். தன்னோடு இருக்கும் தொடர்பு பல்கலைக்கழகத்துக்கு அரசியல் சுமையாகக் கருதப்படுகிறது என்பது அவர் கடிதத்தின் சாரம். அடுத்த சில நாட்களில், முன்னாள் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியனும் விலகினார். 2023-ல் 2019 மக்களவைத் தேர்தல் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிய பொருளியல் ஆசிரியர் சப்யசாச்சி தாஸ் சர்ச்சைக்குப் பின் ராஜினாமா செய்தார். சக ஆசிரியர்கள் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். அரசுக் கல்லூரியில் ஆள் இல்லாதது பிரச்சினை, இங்கே இருக்கும் ஆள் வாய் திறந்தால் பிரச்சினை.

சிங்கப்பூரில் நடந்தது இன்னொரு வகை. யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011-ல் அமைத்த யேல்-என்யூஎஸ் கல்லூரி, ஆசியாவின் முன்மாதிரி லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்று புகழப்பட்டது. 2021 ஆகஸ்ட்டில், புதிய மாணவர் சேர்க்கையை நிறுத்துவதாகத் திடீரென்று அறிவித்தார்கள். 2025-ல் மூடப்பட்டது. சின்ன வகுப்பு, நிறைய ஆசிரியர் என்ற ஏற்பாட்டுக்கு ஆகும் செலவும் அதற்குத் திரட்ட வேண்டிய நிதியும் அப்போது பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. சிங்கப்பூர் மாதிரி பணக்கார நாடே கணக்குப் பார்த்த இடம் இது.

தொடங்கிவிட்டு நிறுத்தியவர்கள்

இந்தியாவில் நான்கு வருஷ டிகிரிக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு. டெல்லி பல்கலைக்கழகம் 2013-ல் கொண்டுவந்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2014 ஜூனில் வாபஸ் வாங்கியது. பிறகு 2022-ல் மறுபடியும் தொடங்கியது. அங்கே முதல் பேட்ச் 2025-ல் நான்காம் ஆண்டுக்குள் நுழைந்தபோது, வகுப்பறை எங்கே, கைடு எங்கே என்ற கேள்விகள்தான் முதலில் எழுந்தன.

கர்நாடகம் 2021-ல் நாட்டிலேயே முந்திக்கொண்டு கல்விக் கொள்கையை அமல்படுத்தியது. ஆட்சி மாறியது. சுகதேவ் தோரட் தலைமையிலான ஆணையத்தின் இடைக்கால அறிக்கையை ஏற்று, 2024-25-லிருந்து மூன்று வருஷ டிகிரிக்கே திரும்பியது. நடுவில் சேர்ந்த மூன்று பேட்ச் மாணவர்கள் ஒரு பாடத்திட்டத்திலும், அவர்களின் ஜூனியர்கள் வேறொன்றிலும் படிக்க வேண்டியதாயிற்று. புதுச்சேரியில் அப்படி நடக்கும் என்று சொல்வதற்கில்லை, பல்கலைக்கழகம் மத்திய அரசுடையது. ஆனால் கல்லூரிகளும் சம்பளமும் புதுச்சேரி அரசுடையவை. பாடத்திட்டம் ஒருவர் கையில், ஆசிரியர் நியமனம் இன்னொருவர் கையில் என்ற இந்த ஏற்பாட்டில், யாரைக் கேட்பது என்பதே மாணவருக்குத் தெரியாது.

அப்படியே பிள்ளைச்சாவடிக்கு வந்தால்...

காலாப்பட்டு கேம்பஸிலிருந்து கொஞ்ச தூரத்தில், பிள்ளைச்சாவடியில் இருக்கிறது புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1980-களில் இன்ஜினீயரிங் காலேஜாகத் தொடங்கியது. ஊர்க்காரர்களுக்கு இன்னமும் ‘பி.இ.சி.’ தான். 2020-ல் பல்கலைக்கழகமானது, புதுச்சேரி அரசின் கீழ் வருகிறது.

தேசிய கல்விக் கொள்கையின்படி 2040-க்குள் நாட்டின் எல்லா உயர்கல்வி நிறுவனங்களும் பல்துறை நிறுவனங்களாக மாறுவதை இலக்காகக் கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் 3,000 மாணவர்களாவது இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஐஐடிகளே கலை, மானுடவியல் பாடங்களைக் கூட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அப்படியானால் பிள்ளைச்சாவடியில் ஒரு வரலாற்றுத் துறையும் காலாப்பட்டில் ஒரு மெக்கானிக்கல் துறையும் புதிதாகத் தொடங்க வேண்டுமா? பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பல்கலைக்கழகங்கள், ஒன்றின் மாணவர் மற்றதில் போய் ஒரு பேப்பர் படிக்க ஏற்பாடு செய்துகொண்டால் அதுவே பல்துறைக் கல்விதான். கிரெடிட்டை ஓரிடத்தில் சம்பாதித்து இன்னோரிடத்தில் கணக்கில் சேர்க்க வழிசெய்யும் ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ 2021-லேயே வந்துவிட்டது. சி.எஸ். படிக்கும் பையன் ஈ.சி.ஆரில் ஒரு ஷேர் ஆட்டோ ஏறினால் தத்துவ வகுப்பு. புது ஆசிரியர் ஒருவரைக்கூட நியமிக்காமல் செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

நான்காம் ஆண்டு இருந்தால் என்ன லாபம்?

“மூணு வருஷத்துல முடிச்சிட்டு வேலைக்குப் போம்மா, இன்னொரு வருஷம் எதுக்கு?” என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகள், ஐ.டி. கம்பெனி வேலை, இவற்றுக்கெல்லாம் மூன்று வருஷ டிகிரி போதும். ஹானர்ஸ் என்பதற்காகச் சம்பளம் கூடும் என்று எந்த ஹெச்.ஆரும் உத்தரவாதம் தரவில்லை.

ஆனால் ஆய்வு, ஆசிரியர் வேலை, வெளிநாட்டுப் படிப்பு என்று யோசிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. நான்கு வருஷ டிகிரி இருந்தால் முதுகலை ஒரே வருஷம். 75 சதவீதத்தோடு முடித்தால், முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், நெட் தேர்வும் எழுதலாம். மொத்தம் 16 வருஷப் படிப்பு கேட்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மூன்று வருஷ பி.ஏ. வைத்திருப்பவர்கள் பட்ட பாடும் இதில் தீரும். ஒரு எச்சரிக்கை: பிஎச்.டி. கதவைத் திறப்பது நான்காம் ஆண்டு ஆய்வின் தரம். கைடு இல்லாமல் இன்டர்நெட்டிலிருந்து ஒட்டிச் சேர்த்த 60 பக்க ஆய்வேடு நேர்முகத் தேர்வில் ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது.

இந்த வருஷம் சேர்பவர்களும், ஏற்கெனவே மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களும் கல்லூரி ஆபீஸில் கேட்க வேண்டியவை சில உண்டு. என் துறையில் பிஎச்.டி. கைடாக அங்கீகாரம் பெற்ற நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? அவர்களில் அடுத்த இரண்டு வருஷத்தில் ஓய்வுபெறுபவர்கள் யார்? ஒரு கைடுக்கு எத்தனை மாணவர்கள்? துறையில் கைடு இல்லையென்றால், லாஸ்பேட்டையில் இருக்கும் காஞ்சி மாமுனிவர் முதுகலை மையத்திலோ காலாப்பட்டிலோ போய் ஆய்வைச் செய்ய அனுமதி உண்டா? மைனர் பாடத்தை உண்மையிலேயே நான் தேர்ந்தெடுக்கலாமா, இல்லை டைம் டேபிளில் எது காலியோ அதுதானா?

ஆய்வேட்டுக்கான கைடு பட்டியலை, 2026-27 தொடங்கும்போது ஒவ்வொரு துறையும் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டியிருக்கும். மாணவர் பெயருக்கு எதிரே ஒரு ஆசிரியர் பெயர் இருக்கிறதா, அல்லது ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்று இருக்கிறதா என்பதை அன்று பார்த்துக்கொள்ளலாம்.